அண்ணாச்சி பதில்கள்: முகம் இல்லாத பீடமும் மூக்கு இல்லாத வில்லனும்

போன மாதம் ஒரு வாசகர், மாயாஜால நாவல்களைப் படமாக எடுக்கும்போது எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டிருந்தார். கெட்டவனைக் காட்டுவதுதான் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று இந்த மாதம் வந்த கடிதங்கள் சொல்கின்றன, முக்கால்வாசிக் கடிதங்கள் அதைப் பற்றித்தான். அதனால் மற்றக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்தத் தடவை முழுக்க வில்லன்கள்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

*அண்ணாச்சி, லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படம் மூணையும் பத்துத் தடவைக்கு மேல பார்த்திருக்கேன். இப்பதான் நாவலைப் படிக்கிறேன். நாவல்ல சௌரான் வரவே மாட்டேங்கிறான். படத்துல கோபுரத்து உச்சியில பெரிய நெருப்புக் கண்ணா நிக்கிறான். டைரக்டர் செஞ்சது சரியா, தப்பா?*

பாதி சரி தம்பி. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

டோல்கீன் 1954லும் 55லும் வெளியிட்ட அந்த நாவலில் சௌரான் கதைக்குள் நேராக வந்து நிற்கும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கலாட்ரியேல் என்ற மாயப் பெண் காட்டுகிற தண்ணீர்க் கண்ணாடியில், சௌரானின் மோதிரத்தைச் சுமந்துபோகும் கதாநாயகன் ஃப்ரோடோ எட்டிப் பார்க்கும்போது ஒரு கண் தெரியும். ஓரமெல்லாம் நெருப்பு, உள்ளே பூனைக் கண் மாதிரி மஞ்சள், நடுவில் ஒரு கறுப்புக் கீற்று, அந்தக் கீற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாத பாதாளம். அப்புறம் ஓரிடத்தில், அவன் கையில் நாலு விரல்தான் இருக்கிறது என்று, முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்த கொலம் என்ற பிராணி சொல்லும். ஆயிரம் பக்கம் ஓடுகிற கதையில் கெட்டவனின் உடம்பு பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான், ஒரு கண்ணும் நாலு விரலும். மிச்சத்தை எல்லாம் படிக்கிற நாம்தான் நம் பயத்திலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிக்கொள்கிறோம், அதனால்தான் நீ நிரப்பியதும் நான் நிரப்பியதும் ஒன்றாக இருக்காது.

சினிமாவுக்கு அந்த வசதி இல்லை. எழுத்தில் 'இருளின் அரசன்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம், கேமரா முன்னால் எதையாவது நிறுத்தியே ஆகவேண்டும். பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 என்று வரிசையாக மூன்று படங்களை வெளியிட்டார். டோல்கீன் புத்தகங்களுக்கு ஏற்கெனவே ஓவியம் வரைந்து பேர் வாங்கியிருந்த ஆலன் லீ, ஜான் ஹௌ இருவரையுமே நியூசிலாந்துக்கு வரவழைத்து வரையவைத்தார். முதல் படத் தொடக்கத்தில் சௌரான் இரும்புக் கவசத்துக்குள் பெரிய உருவமாக வருவான், முகம் தெரியாது. விரல் வெட்டுப்பட்டு மோதிரம் போனதும் உடம்பு போய்விடும், அதன்பிறகு கண் மட்டும்தான். இதுவரைக்கும் எனக்குச் சம்மதம். நாவலில் இருந்த ஒரே பிடியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஒட்டாதது எது என்றால், மூன்றாவது படத்தில் அந்தக் கண் சமவெளி முழுக்கச் சுற்றிச் சுற்றி வெளிச்சம் அடிக்கும் பார், அதுதான். மணப்பாட்டில் கடலோரம் நின்று கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பாய். வெளிச்சம் இந்தப் பக்கம் வருகிறதா, பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள், போய்விட்டதா, எழுந்து நட. எப்போது ஒளிய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? நாவலில் ஃப்ரோடோ கண்ணை மூடிக்கொண்டாலும் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிவது போல அந்தப் பார்வை நெற்றியில் வந்து மோதும், ஒளிந்துகொள்ளப் பாறையே கிடையாது.

ஆனால் அதே ஆட்கள் ஒரு பெரிய தவறிலிருந்து கடைசி நேரத்தில் தப்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சௌரான் நாட்டின் கறுப்பு வாசலுக்கு முன்னால் நடக்கும் கடைசிப் போரில், நல்லவர் படையை நடத்தும் அரகார்ன் சௌரானோடு நேருக்கு நேர் வாள்சண்டை போடுவதாகவே படம் பிடித்துவிட்டார்கள். பிறகு யோசித்து, சௌரான் நின்ற இடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு பூதத்தை வரைந்து வைத்துவிட்டார்கள். நல்லவேளை. உயரமான ஓர் ஆளாக வந்து அடிவாங்கியிருந்தால் மூன்று படமாகக் கட்டிய பயம் அந்த ஒரு நிமிடத்தில் போயிருக்கும்.

நம் பக்கத்து ஆளுக்கு இது புதுசில்லை தம்பி. உங்கள் ஊரைச் சுற்றி எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போ. சுடலைமாடன் கோயிலில் பல இடங்களில் சிலை இருக்காது. அடி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் சுண்ணாம்பு பூசிய ஒரு பீடம், அவ்வளவுதான். கண் இல்லை, வாய் இல்லை, மீசை இல்லை. சுடலை நமக்கு வில்லன் இல்லை, காவல் தெய்வம். ஆனாலும் சாமக்கொடையில் பந்த வெளிச்சத்தில் அந்தப் பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கிற சிலிர்ப்பு இருக்கிறதே, பெரிய மீசையும் உருட்டு விழியுமாகப் பக்கத்தில் புதிதாகச் செய்துவைத்த சிமெண்ட் சிலைக்கு முன்னால் எனக்கு அது வந்ததில்லை. முகம் வைக்காமல் விட்டவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அந்தப் படங்களில் இதைச் சரியாகச் செய்த இடம் ஒன்று உண்டு, மோதிரத்துக்காக அலையும் ஒன்பது கறுப்பு வீரர்கள். முக்காட்டுக்குள் வெறும் இருட்டு. ஃப்ரோடோ மோதிரத்தைப் போட்டால் மட்டும், செத்து வெளுத்துப்போன அரசர்களின் முகம் தெரியும். நாவலிலும் அப்படித்தான். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நீ ஆபத்துக்குள் காலை வைத்தாக வேண்டும். அவர்கள் போடும் அந்தக் கூச்சல், படத்தின் திரைக்கதையாளர்களில் ஒருவரான ஃப்ரான் வால்ஷ் தன் தொண்டையிலிருந்து எழுப்பிக் கொடுத்தது. அடுத்த தடவை படம் பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் பார், நான் சொல்வது புரியும்.

பள்ளி ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி

*எங்கள் பள்ளி மாறுவேடப் போட்டியில் சூனியக்காரி என்றால் பிள்ளைகள் எல்லோரும் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பச்சை எந்தக் கதையில் வருகிறது?*

எந்தக் கதையிலும் இல்லை டீச்சர், கலர் ஃபிலிமில் வந்தது. ஃப்ராங்க் பாம் 1900-ல் எழுதிய ஓஸ் நாவலில் மேற்குத் திசைச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண், அந்தக் கண்ணுக்குத் தொலைநோக்கி மாதிரிப் பார்வை. பச்சைத் தோல் என்று இல்லை. 1939-ல் படம் எடுத்தபோது டெக்னிகலர் என்பது பெரிய அதிசயம், நிறத்தைப் பார்ப்பதற்காகவே ஜனம் தியேட்டருக்கு வரும். நாவலில் வெள்ளியாக இருந்த செருப்பு படத்தில் மாணிக்கச் சிவப்பு ஆனதும், சூனியக்காரி பச்சை ஆனதும் அந்தக் காலத்தில்தான். அந்தப் பச்சைப் பூச்சில் செம்பு கலந்திருந்தது. மார்கரெட் ஹாமில்டன் என்ற அந்த நடிகை நெருப்போடு மறைகிற காட்சியில் முகத்திலும் கையிலும் தீப்பட்டுப் பல வாரம் படுத்துவிட்டார், அந்தப் பூச்சை எரிகிற புண்ணின் மேலிருந்து துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் அவ்வளவு வலி பட்டு வந்த நிறம் அது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், பச்சை பூசும்போது அவரை நினைத்துக்கொள்ளட்டும்.

தசரா வேடம் கட்டுபவர், திசையன்விளை

*பன்னிரண்டு வருசமா குலசைக்கு மாலை போட்டு வேசம் கட்டுறேன், மூணு வருசம் அசுர வேசம். ஹாரி பாட்டர் படத்துல மூக்கே இல்லாம வாறானே, அந்த வேசத்தை எப்படிக் கட்டுனாங்க? நம்ம வேசத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?*

அண்ணே, உங்கள் கடிதம்தான் இந்த மாதக் கட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, நன்றி.

வோல்டமார்ட் முழு உருவமாக முதலில் வருவது 2005-ல் வெளிவந்த நாலாவது படத்தில். ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்தார். மொட்டைத் தலை, வெளிறிய தோல், அதன்மேல் நீல நரம்பு ஓடுவது எல்லாம் ஒப்பனை. மூக்கை மட்டும் ஒப்பனையால் எடுக்க முடியாது, மேலே ஒட்டலாமே தவிர இருப்பதைக் குறைக்க வழியில்லை. அதனால் முகத்தில் புள்ளிகள் வைத்துப் படம் பிடித்து, பிறகு கம்ப்யூட்டரில் காட்சிக்குக் காட்சி, அசைவுக்கு அசைவு மூக்கை அழித்துவிட்டுப் பாம்புக்கு இருப்பது போல இரண்டு கீற்று வைத்தார்கள். இது நாவலில் ரௌலிங் எழுதியபடிதான். ஆனால் நாவலில் அவனுக்குக் கண் சிவப்பு, நடுவில் பூனைக் கண் மாதிரி நெட்டைக் கீற்று. படத்தில் அதை வைக்கவில்லை, நடிகரின் சொந்தக் கண்ணையே விட்டுவிட்டார்கள். நாவல் படித்த பலருக்கு அது குறை. நான் அதை நல்ல முடிவு என்றே சொல்வேன். மூக்கையும் எடுத்து, முடியையும் எடுத்து, கண்ணையும் மாற்றியிருந்தால் உள்ளே ஒரு மனுஷன் இருந்து கெட்டுப்போனான் என்பதே தெரிந்திருக்காது, வெறும் பாம்பாகப் போயிருக்கும். பாம்பு கடித்தால் அதன் மேல் நமக்குக் கோபம் வருமா? மனுஷன் செய்தால்தானே கோபம்.

இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை சாயம் பூசினாலும், சடையும் கோரைப்பல்லும் வைத்தாலும் கண்ணை நீங்கள் மறைப்பதில்லையே. வீடு வீடாகக் காணிக்கை வாங்கப் போகும்போது பிள்ளைகள் பயந்து கதவுக்குப் பின்னால் ஓடுவதும், அப்புறம் மெல்ல எட்டிப் பார்ப்பதும் அந்தக் கண்ணைத்தான்.

வித்தியாசம் என்று கேட்டீர்கள். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தைக் கடற்கரை மணலில் நின்று சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஒரே உடம்பு, தலை மட்டும் மாறும். முதலில் யானைமுகம் வரும், அது விழுந்ததும் சிங்கமுகம், அப்புறம் சூரபத்மனின் சொந்த முகம், கடைசியில் மாமரமும் சேவலும். தலையைக் கழற்றி அடுத்த தலையை மாட்டுவதை லட்சக்கணக்கான ஜனம் கண் முன்னால் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது, யாரும் அதை மறைப்பதில்லை, மறைக்கவில்லை என்பதால் பக்தியோ விறுவிறுப்போ குறைந்ததும் இல்லை. படத்தில் ஒப்பனை தெரிந்துவிட்டால் காரியம் கெட்டது, அதற்காகக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அப்புறம் இன்னொன்று அண்ணே. அந்தப் படங்களில் வில்லனுக்குக் கடைசி என்பது பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றில் போவதுதான், ஒன்றும் மிஞ்சாது. நம் சூரன் மயிலாகவும் சேவலாகவும் ஆகி முருகனோடேயே இருந்துவிடுகிறான். நாம் கும்பிடும்போது கொடியில் அவனும்தான் இருக்கிறான். இவ்வளவு பெரிய மனசுள்ள ஒரு முடிவை அந்தப் படங்களில் நான் இதுவரை பார்க்கவில்லை.

ஒரு தாய், அம்பாசமுத்திரம்

*அண்ணாச்சி, என் மகள் ஆறாம் வகுப்பு. மூணு வயசுல கொதிக்கிற கஞ்சி கொட்டி இடது கன்னத்துல தழும்பு. பள்ளிக்கூடத்துல ஒரு படத்தைப் பார்த்துட்டு வந்து பிள்ளைகள் அவளை வில்லின்னு கூப்பிடுதாங்க. ஏன் எல்லாப் படத்துலயும் கெட்டவங்களுக்கே தழும்பு வைக்காங்க?*

தங்கச்சி, இந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஏன் வைக்கிறார்கள் என்றால், சுலபம் என்பதால். ஒருவன் உள்ளுக்குள் கெட்டவன் என்பதைக் காட்ட அவன் பேச்சு வேண்டும், செய்கை வேண்டும், நல்ல நடிப்பு வேண்டும், நேரம் வேண்டும். கன்னத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் இரண்டு விநாடியில் முடிந்தது. நாவல் எழுதியவர் சொல்லாத இடத்தில்கூடப் படக்காரர்கள் இதைச் சேர்க்கிறார்கள். 1983-ல் ரோல்ட் டால் எழுதிய சூனியக்காரிகள் நாவலில் அவர்களுக்குக் கையில் பூனை நகம் இருக்கும், அதைக் கையுறை போட்டு மறைப்பார்கள். 2020-ல் வந்த படத்தில் நகத்தோடு விரல்களையும் குறைத்துக் காட்டினார்கள். பிறவியிலேயே விரல் குறைந்து பிறந்தவர்களின் கை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது அது. கொதித்துப்போய் அவர்கள் தங்கள் கைகளைப் படம் எடுத்துப் போட்டு, இது எங்கள் கை, சூனியக்காரியின் கை இல்லை என்றார்கள். படத்தை எடுத்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, தலைமைச் சூனியக்காரியாக நடித்த ஆன் ஹாத்வேயும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்பே 2018-ல், முகத் தழும்பை வைத்துத்தான் வில்லத்தனத்தைக் காட்டுவார்கள் என்றால் அந்தப் படத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அறிவித்தது. ஆக உங்களுக்குத் தோன்றியது உங்களுக்கு மட்டும் தோன்றியது இல்லை.

இதில் நிறமும் சேர்த்திதான். வில்லனின் அடியாட்கள் என்றால் கறுப்பாக, கரடுமுரடாக இருக்க வேண்டும் என்று அங்கேயும் நினைக்கிறார்கள், இங்கேயும் நினைக்கிறார்கள், அதுவும் வெயிலில் வேலைபார்த்துக் கறுத்த ஜனம் வாழும் நம் ஊரில். டோல்கீனின் நாவலில் தெற்கே இருந்து எதிரிப் படைக்கு வந்த ஒரு கறுத்த வீரன், ஃப்ரோடோவின் தோழன் சாம் காலடியில் செத்து விழுவான். இவன் பேர் என்ன, உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யைச் சொல்லி, எப்படி மிரட்டி இவனை இவ்வளவு தூரம் நடக்கவைத்தார்கள் என்று சாம் யோசிப்பான். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அது. படத்தில் அந்த யோசனையை ஃபராமிர் என்ற இன்னொரு வீரன் வாயில் வைத்தார்கள், அதுவும் நீளமாக வெளியிட்ட பதிப்பில்தான் இருக்கிறது, தியேட்டருக்கு வந்ததில் இல்லை. நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது இந்த மாதிரி வரிகள்தான் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

என் பெரியம்மாவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எல்லாக் கதையும் அவர்தான் சொன்னார், நீலி கதையும் அவர் சொல்லிக் கேட்டதுதான். அந்தக் கதையில் பழிவாங்க வரும் நீலி எப்படி வருகிறாள் என்று நினைக்கிறீர்கள்? கோரைப்பல்லோடு இல்லை. தலைவாரிப் பூவைத்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் கைவிட்ட பெண்ணாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவாள். ஊரே நம்பிவிடும். பெரியம்மா அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார், அவ்வளவு அழகாக இருந்தாளாம் என்று சொல்வார், எங்களுக்குக் குலை நடுங்கும்.

ஹாரி பாட்டர் ஐந்தாவது படத்தில் அம்ப்ரிட்ஜ் என்று ஒரு டீச்சர் வருவார். நாவலில் தவளை மூஞ்சி என்றுதான் எழுதியிருக்கும். படத்தில் இமெல்டா ஸ்டான்டன் தவளையாகவே இல்லை, நல்ல ரோஸ் கலர் உடுப்பு, சுவர் முழுக்கப் பூனைக்குட்டி போட்ட தட்டுகள், தேனாகப் பேச்சு, அந்தப் புன்னகையோடேயே ஒரு பையனைத் தன் கைத்தோலில் கீறி எழுதவைப்பார். படம் போகப்போக அந்த ரோஸ் கடுமையாகிக்கொண்டே போகும். ஒரு தழும்பும் இல்லாத வில்லி. மூக்கில்லாதவனைவிட இவரைத்தான் ஜனம் அதிகம் வெறுத்தது, ஏனென்றால் இப்படி ஓர் ஆளை நாம் எல்லோரும் எங்கேயோ பார்த்திருக்கிறோம்.

உங்கள் மகளிடம் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள், அந்த வகுப்புப் பிள்ளைகளிடம். ஹாரி பாட்டரில் தழும்பு யாருக்கு இருக்கிறது? வில்லன் நெற்றியிலா, ஹாரி நெற்றியிலா? அப்புறம் நீங்கள் வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள், பிள்ளைகள் தானாகச் சரியாகிவிடுவார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தென்காசி

*வெளிநாட்டுக் கதையே பேசுகிறீர்களே, நம் நாவல்களில் வில்லியைக் காட்டியது எப்படி? பொன்னியின் செல்வன் நந்தினியைச் சொல்லுங்கள்.*

ஐயா, அது மாயாஜாலம் இல்லை, சரித்திர நாவல் என்றாலும் கேள்வி இங்கே பொருந்துகிறது. கல்கி 1950 முதல் 54 வரை வாரா வாரம் எழுதியபோது மணியம் கூடவே வரைந்தார். ஆண்டாள் கொண்டை போட்ட நந்தினியை நம் பெற்றோர் படத்தோடுதான் படித்தார்கள். 2022-ல் மணிரத்னம் படம் வருவதற்கு எழுபது வருடம் முன்பே அந்த முகம் தீர்மானமாகிவிட்டது, இந்த வகையில் டோல்கீனுக்கு ஆலன் லீ போல. கல்கி அவளை விகாரமாக்கவே இல்லை, பார்ப்பவன் புத்தி தடுமாறும் அழகு என்றே எழுதினார், படத்திலும் ஐஸ்வர்யா ராயை அப்படியே காட்டினார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. இன்னொன்று, திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே கர்ணன் நாகாஸ்திரத்தோடு நிற்கிறான், அர்ச்சுனனும் நிற்கிறான். எதிரணிக்காரன் என்று கர்ணனின் புருவத்தில் ஒரு நெளிவைக் கூட்டியோ உதட்டைக் கோணலாக்கியோ சிற்பி செதுக்கவில்லை. பாம்பை அவன் கையில் வைத்தார், முகத்தில் வைக்கவில்லை. அம்பாசமுத்திரம் தங்கச்சியும் மகளை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போகலாம்.

புத்தகக் கடைப் பணியாளர், திருநெல்வேலி டவுன்

*கோல்டன் காம்பஸ் நாவலில் மிஸஸ் கோல்டருக்குக் கறுப்புக் கூந்தல். 2007 படத்தில் பொன்னிறம். எது சரி?*

எழுதியவரே படத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். நிக்கோல் கிட்மனைப் பார்த்தபிறகு, பொன்னிறக் கூந்தல்தான் சரி, நான் எழுதியது தப்பு என்று ஃபிலிப் புல்மன் சொன்னார். எனக்கென்னவோ கூந்தலைவிட, அந்தக் கதையின் வில்லியான கோல்டர் கூடவே திரியும் தங்கக் குரங்குதான் முக்கியம். அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள், குரங்கு கடிக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவன், வள்ளியூர்

*நான் ஒரு மாயாஜாலக் கதை எழுதி நானே படமும் வரைகிறேன். வில்லனை மட்டும் வரையவே வரவில்லை. கொம்பு வைத்தேன், சிரிப்பாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?*

கொம்பை அழித்துவிடு தம்பி, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள். சிரிப்பு வருகிறது என்று உனக்கே தெரிந்ததே, அது பெரிய விஷயம்.

நார்னியா கதையில் வெள்ளைச் சூனியக்காரி என்று ஒருத்தி. 1950-ல் வந்த நாவலில் காகிதம் மாதிரி வெளுத்த முகம், சிவந்த வாய், தலையில் தங்கக் கிரீடம். 2005-ல் படம் எடுத்தபோது டில்டா ஸ்வின்டனுக்குக் கிரீடத்தைப் பனிக்கட்டியில் வைத்தார்கள். அவள் மந்திரத்தால்தான் அந்த நாட்டில் நூறு வருடமாகக் குளிர்காலம். கதை நகர நகர, பனி உருகி வசந்தம் வர வர, அவள் தலையில் இருக்கும் கிரீடமும் காட்சிக்குக் காட்சி சின்னதாகிக்கொண்டே வரும். அவள் தோற்கிறாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, தலையைப் பார்த்தால் போதும். கடைசிப் போருக்கு வரும்போது, கொன்றுபோட்ட சிங்கத்தின் பிடரி மயிரைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வருவாள். கொம்பு கிடையாது, கோரைப்பல் கிடையாது. அவளிடம் இருக்கும் பொருளே அவள் யார் என்று சொல்லிவிடுகிறது.

அதனால் நீயும் உன் வில்லனிடம் இருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடி. அவன் என்ன கெடுதல் செய்கிறான்? குளத்தை அடைத்து ஊருக்குத் தண்ணீர் விடாமல் செய்கிறவன் என்றால், ஊரெல்லாம் வெடித்துக் கிடக்கும்போது அவன் வேட்டி நுனி மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். அவன் நடந்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதை முதலில் வரை, பிறகு கையை வரை, அப்புறம் அவனைப் பார்த்து மற்றவர்கள் எப்படி ஒதுங்குகிறார்கள் என்பதை வரை. முகத்தைக் கடைசியாக வைத்துக்கொள். முகத்துக்கு வந்தபோதும் வரவில்லை என்றால் அந்த இடத்தை இருட்டாக்கிவிட்டு, அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வேறொரு தாளில் எழுதி மடித்து நீயே வைத்துக்கொள். படத்தை மட்டும் எனக்கு அனுப்பு, அந்தத் தாள் வேண்டாம்.